பாப்பா கட்டிலை ஒட்டின சுவர்

"நாளைக்குப் பாப்பா இந்த ரூம்லதான் வந்து படுக்கணுமா? டாக்டர் சொன்னது உங்க காதுல ஏறவே இல்லையா?"

"ஏறுச்சு, ஏறுச்சு. சளிக்கும் சுவருக்கும் முடிச்சுப் போடுற டாக்டர்! விட்டா சிமெண்ட்டுக்கும் ஊசி எழுதிக் கொடுப்பாரு."

"நக்கலா? பிள்ளை நாலு நாளா ஆஸ்பத்திரில மூக்குல குழாயோட மூச்சு விட்டுச்சுங்க. இந்தக் காரையை மொத்தமா இடிச்சு எடுங்க."

"இடிச்சுப் போட்டா ஞாயித்துக்கிழமை வீட்டை விலைக்குப் பார்க்க வர்றவங்க உள்ள கால் வைப்பாங்களா? பட்டி பூசி பெயிண்ட் அடிச்சா முடிஞ்சுது வேலை."

வாளியும் சுரண்டியுமாக வெளியே நின்ற பெயிண்டருக்குக் கதவைத் தட்டக் கை வரவில்லை. உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொள்வது அவர் பார்த்த வேலையைப் பற்றித்தான். போன வருஷம் அந்தச் சுவரில் பூஞ்சை படர்ந்தபோது, செங்கல் தெரிகிற வரை சுரண்டி இரண்டு வாரம் காயவிட வேண்டும் என்று இருபத்தாறு வருஷ அனுபவம் சொன்னது. வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். இவரும் ஈரத்தின் மேலேயே இரண்டு கை பட்டியை இழுத்து, கறுப்பை உள்ளே வைத்து மூடிவிட்டுப் போனார். அப்புறம்தான் ஐந்து வயசுப் பிள்ளையின் கட்டிலை அங்கே ஒட்டிப் போட்டார்கள்.

அந்த அம்மாவே கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே. அடி வரைக்கும் சுரண்டுங்க."

"மேலாப்ல போதும்யா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் ஹாலுக்குப் போனார். சுத்தியல் எடுத்து வருகிறேன் என்று அவளும் போனாள்.

ஜன்னல் சாத்தியிருந்தது, வெளியே மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்க, அறைக்குள் ஈரச் சாக்கும் அழுகின உருளைக்கிழங்கும் கலந்த ஒரு வாடை, மூக்கில் நிற்காமல் நாக்கின் அடியில் போய் உட்கார்ந்தது. கட்டிலை நகர்த்திவிட்டு, ஓதம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார்க்க, வழக்கம்போல உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

சூடாக இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகு மாதிரி.

மழைக்காலத்தில் சுவர் எப்படிச் சுடும்? அடுத்த பக்கம் அடுப்படியா என்று யோசித்தார். இல்லை, அந்தப் பக்கம் வெறும் சந்து, கொட்டுகிற மழை. கையை எடுக்காமல் நின்றார். சுவர் மெல்ல வெளியே தள்ளியது. மெல்ல உள்ளே போனது. தன் நாடிதான் துடிக்கிறது என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு சுரண்டியை வைத்து இழுத்தார்.

பட்டி உதிரவில்லை. தோல் மாதிரி ஒரே பாளமாக உரிந்து தொங்கியது. உள்ளே கறுப்பு ரோமம், ஒரு ஆள் அகலத்துக்கு. காற்றாடி சுற்றவில்லை, ஆனாலும் ரோமம் அத்தனையும் அவர் பக்கம் சாய்ந்தது. பழுப்பாக ஏதோ தெறித்து மணிக்கட்டில் விழுந்து எரிந்தது.

"அம்மா! இந்தப் பக்கம் வராதீங்க!"

வந்தது வீட்டுக்காரர். "யோவ்! மேலாப்லன்னுதானே சொன்னேன்? முழுச் சுவரையும் நாசமாக்கிட்டியே!"

"சார், இது பூஞ்சை இல்ல சார். கிட்ட வராதீங்க..."

"கதை விடாதய்யா. கொடு இங்க." சுரண்டியைப் பிடித்து இழுத்தார். பெயிண்டரின் உள்ளங்கை கிழிந்தது. வலியில், ஒரு வருஷக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்த ஆத்திரத்தில், பெயிண்டர் அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்.

பின்மண்டை சுவரில் மோதியது. டம் என்று கேட்க வேண்டும்.

சொத் என்று கேட்டது.

தலை உள்ளே போயிருந்தது. காது வரை. வீட்டுக்காரர் கத்த வாயைத் திறந்தார். ரோமம் வாய்க்குள் போனது. கண் பிதுங்கியது. கறுப்பு இழை கண்ணோரத்தில் எட்டிப் பார்த்தது. சுவர் மூச்சை இழுத்தது. தாடை செங்கல்லில் மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தது. மடக். பல் தரையில் சிதறியது. ரத்தம் கீழே ஒழுகவில்லை. சுவர் குடித்தது.

தோள் போனது. இடுப்பு. உதைத்துக்கொண்டிருந்த கால்.

ஒரு கை மட்டும் மிச்சம். அது பெயிண்டரின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது.

பிடியை உதறினார். கடித்தார். விரல் விடவில்லை. முகத்துக்கும் சுவருக்கும் ஒரு சாண். அரைச் சாண். உள்ளேயிருந்து சளி கட்டின மூச்சு. கர்... கர்... ஆள் உயிரோடு இருந்தார்.

"அம்மா! அடிங்கம்மா!"

அந்த அம்மா வாசலில் நின்றாள், கையில் சுத்தியலோடு. "எங்கண்ணே? எங்க அடிக்கட்டும்?"

காலரைப் பிடித்த மணிக்கட்டில் அடித்தால் பெயிண்டர் பிழைப்பார், அவளுடைய புருஷன் உள்ளேயே போவார். சுவரில் அடித்தால் உடையப் போவது காரையா, அதற்குப் பின்னால் இருக்கிற மண்டையா, தெரியாது. இரண்டும் செய்யாமல் நின்றால் இரண்டு பேருமே உள்ளே போவார்கள், நாளைக் காலையில் பிள்ளை இந்த வீட்டுக்குத்தான் வரும். அந்தக் கையின் நகத்துக்கு மேல் பச்சையாகப் பஞ்சு பூக்கத் தொடங்கிவிட்டது. சுத்தியல் ஓங்கியபடியே நிற்கிறது.

இதுவரை படித்தவர்கள் மனசில் பட்டதைக் கீழே எழுதுங்கள்: அவள் எங்கே அடிக்கட்டும்?