லாக்லனின் குறட்டை

குறட்டையில் ஏதோ சரியில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டிசம்பர் என்றால் மாலை நாலு மணிக்கே இருட்டு. சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்த மர்டோவுக்கு, சுவருக்கு அப்பால் சோபாவில் கிடந்த மகன் லாக்லனின் குறட்டை, அடைத்த சாக்கடையில் தண்ணீர் இறங்குவதுபோல் கொழகொழவென்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்து, ஈரக் கோட்டின் வாடையோடும் விஸ்கி நெடியோடும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது.

முற்பகலில் லாக்லனின் கூட்டாளியைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். லாக்லன் ஹெராயினை விட்டவன். தினமும் காலையில் மருந்துக்கடைக்காரர் கண்ணெதிரே அதற்குப் பதிலான பச்சை மருந்தைக் குடிப்பான். கூடவே மதுவைத் தொடாதே என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அவர்கள் ஆயிரம் சொல்வார்கள். செத்தவனின் தாய் நீட்டிய கிளாஸை லாக்லன் தள்ளியபோது மர்டோதான் முறைத்தார்.

"மானத்த வாங்காதடா. விஸ்கி என்ன ஊசியா?"

"மருந்து உள்ள இருக்குப்பா."

"செத்தவனுக்காக ஒரு வாய். குடி."

ஒரு வாய், ஒரு பாட்டிலில் முக்கால் ஆனது.

எதிர்வீட்டுச் செங்கா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள். "என்ன கிழவா, உம்புள்ள ரயில் ஓட்டுறானா?"

"மூச்சு ஒருமாதிரியா இருக்கு. ஆம்புலன்ஸக் கூப்பிடவா?"

"கூப்பிடு. பின்னாலயே போலீஸ் வந்து வீட்டப் புரட்டுவான். குறட்டை விடுறவன் எங்கயாவது செத்திருக்கானா? தூங்கவிடு. சூப் கொண்டாரேன்."

சீருடை போட்ட எவனையும் மர்டோ நம்பியதில்லை. போனை மேசையில் கவிழ்த்துவைத்தார்.

இடைவெளிகள் நீண்டன. ஒருமுறை அவர் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு குறட்டை திரும்பியது. சீராக. மிகச் சீராக. இழுப்பு இல்லை, கொழகொழப்பு இல்லை. குடித்தவன் இப்படித் தூங்கமாட்டான்.

எழுந்து போனார்.

திரை வழியே தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம். மகனின் கையைத் தொட்டார். சில்லென்றிருந்தது. உதடு நீலம். வாயோரம் நுரை, காய்ந்து போனது. நெஞ்சில் காதை வைத்தார்.

ஒன்றுமில்லை.

வாய் மூடியிருந்தது. குறட்டை வந்துகொண்டிருந்தது.

உள்ளங்கையால் வாயைப் பொத்தினார். மூக்கை அழுத்தினார். நிற்கவில்லை.

"டேய்... லாக்லன்..."

வாசலில் சூப் வாசனை. செங்காவின் குரல்.

"பாத்தியா? நா சொன்னேன்ல. இப்பத்தான் நல்லா விடுறான்."

மர்டோ கையை எடுக்கவில்லை. கைக்கு அடியில் தாடை விறைத்துக் கிடந்தது.