சிப்பிப் பூ மாண்டலின்

மகள் ரமணி இறந்து ஒரு மழைக்காலம் முழுதாகப் போன பிறகும் சுவரில் மாட்டியிருந்த மாண்டலினின் சுருதி இறங்கவில்லை.

கங்கா அதைக் கவனித்தது சுவரைத் துடைக்கும்போதுதான். துணியின் நுனி கம்பியில் பட்டதும் தெளிவான சிறு ஓசை ஒன்று எழுந்து, கூடத்தைச் சுற்றி, சமையல்கட்டுப் பாத்திரங்களிலும் மெல்ல அதிர்ந்து அடங்கியது. கோலசிலாங்கூர்க் காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். ரமணி பள்ளிவிட்டு வந்து ஆணிகளை முறுக்கி முறுக்கிச் சரிசெய்த பிறகுதான் வாசிக்க உட்காருவாள். இப்போது முறுக்குவது யார்?

முன்பு குடியிருந்த எஸ்டேட் தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது, அங்கே பழைய நாடகக் குழுவின் பெட்டியில் கிடந்த அந்த மாண்டலினை மகளுக்கென்று தூக்கி வந்தவன் கங்காவின் கணவன் அழகேசன். ரமணி தானாகவே ஒரு பாட்டைத் தடவித் தடவிப் பழகினாள். பாதிப் பாட்டு வந்திருந்தது. டெங்கிக் காய்ச்சல் மீதியை விடவில்லை.

அழகேசன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுபவன். விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டான். அந்த நேரத்தில் கங்கா மாண்டலினுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, "ரமணி" என்று மெதுவாகக் கூப்பிடத் தொடங்கினாள். முதல் நாள் ஒன்றுமில்லை. மறுநாள், யாரும் தொடாத கம்பி ஒன்று, ஒரே ஒரு முறை பதில் சொன்னது.

அதற்குப் பிறகு அவள் அழுவதை நிறுத்திவிட்டாள். ரமணியின் பாவாடைகளை யாருக்கும் கொடுக்கவில்லை என்று சொன்னாள். காய்ச்சல் வந்த முதல் நாளே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகாததற்கு மன்னிப்புக் கேட்டாள். கம்பி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது. பிறகு பாட்டே வந்தது. பாதியில் நிற்காமல், ரமணிக்குத் தெரியாத ஏதோ தாலாட்டாக நீண்டு போனது. அப்போதெல்லாம் கூடத்தில் புதிதாக இழைத்த மரத்தூள் வாசனை வீசும். போன இடத்தில் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று கங்கா பூரித்துப் போனாள்.

ஒருநாள் மாண்டலினின் மேற்பலகையில் மயிரிழைபோல ஒரு விரிசல் தெரிந்தது. ஓசை கம்மியது. கங்கா அன்றே அதைக் கழற்றினாள். துணியில் சுற்றிக் கிள்ளானில் இருந்த இசைக்கருவிக் கடைக்குக் கொண்டுபோனாள்.

"செஞ்சவன் யாருன்னு தெரியாம இதைத் தொறக்கமாட்டேன்லா," என்றார் கடைக்காரர். "உள்ள எப்படிக் கட்டியிருக்கான்னு தெரியணும். கண்டபடி கை வச்சா மொத்தமாப் போயிடும்."

அதனால்தான் அவள் தோட்டத்துப் பெரியவர் காளியண்ணனைத் தேடிப் போனாள். நாடகக் குழுவின் சாமான் கொட்டகைச் சாவி ஒருகாலத்தில் அவரிடம்தான் இருந்தது. ஒரு வாரம் போனபின், மழை கட்டியிருந்த ஒரு மாலையில், பழைய போட்டோ ஒன்றை நாளிதழில் சுற்றிக்கொண்டு அவரே வீட்டுக்கு வந்தார்.

"கண்ணாடிச் சட்டம் நல்லா இருக்கேன்னு எடுத்து வச்சது," என்றார். "நீ கேட்ட பிறகுதான் உத்துப் பார்த்தேன். மடியில இருக்கிறது ஒங்க வீட்டுச் சாமான்."

நாற்காலியில் ரமணி வயதுப் பெண் ஒருத்தி, மடியில் மாண்டலினோடு. பின்னால் ஒல்லியான ஆள் ஒருவர், ஒரு கையை அவள் பிடரியில் வைத்து நின்றிருந்தார். கங்கா மாண்டலினைக் கழற்றிப் படத்தின் பக்கத்தில் பிடித்தாள். வட்டத் துளையைச் சுற்றிச் சிப்பித் துண்டுகளால் பதித்த பூ. அதில் ஒரு இதழ் மட்டும் தலைகீழாக ஒட்டியிருந்தது. படத்திலும் அப்படியே.

"நிக்கிறது யாரு மாமா?"

"இருசப்பன். தோட்டத்துத் தச்சரு. கட்டைவிரல் பாதிதான் இருக்கு பாரு, ரம்பம் அறுத்தது. இந்தச் சிப்பி வேலை அவரு ஒருத்தருக்குத்தான் வரும். செம்பிலாங் கடலோரம் போயிப் பொறுக்கிக்கிட்டு வருவாரு. நாங்க சின்னப் பசங்களா இருந்தப்பப் பார்த்திருக்கேன். செஞ்சது அவருதான், சந்தேகமே இல்ல."

கங்காவுக்கு மூச்சு வந்தது. "அவரு பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?"

"இந்த ஒரு மகதான். சின்னத்தாயி."

"அவங்க இப்ப எங்க இருக்காங்க?"

காளியண்ணன் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. "கண்ணைப் பாரும்மா."

"தொறந்துதானே இருக்கு."

"அது படக்காரன் மையில எழுதினது. மூடின இமை மேல."

கங்காவின் கையில் படம் கனத்தது. பிடரியில் இருந்த கை வாஞ்சையாக வைத்த கை அல்ல. சாயாமல் தாங்கிப் பிடித்த கை.

"மாண்டலின் வேணும்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சாம். செஞ்சு முடிக்கிறதுக்குள்ள போயிடுச்சு. அதுக்கப்புறம் உக்கார வச்சு எடுத்த படம் இது. சவப்பெட்டியில கூடவே வச்சிடுன்னாங்க, இருசப்பன் கேக்கல. தாயும் பெத்தப்பவே போயிட்டா. அம்மான்னு கூப்பிட ஆளில்லாமலே வளர்ந்த பிள்ளை."

மழைக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று அவர் கிளம்பினார். அழகேசன் சுங்கை பஞ்சாங் பக்கம் போயிருந்தான். கங்கா மாண்டலினை நாற்காலியில் வைத்துப் போர்வையால் மூடினாள். பொழுது சாய்வதற்குள்ளேயே இருட்டிவிட்டது. தகரக் கூரையில் மழை சரளைக்கல் கொட்டுவதுபோல் இறங்க, விளக்கு இருமுறை மங்கி அணைந்தது. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் யாரிடம் பேசினாள்? அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டது யார்?

மரத்தூள் வாசனை.

போர்வைக்குள் கம்பி அசைந்தது.

"ரமணி?" என்றாள்.

ஒரு ஓசை. வழக்கமான பதில்.

"சின்னத்தாயி?"

ஓசை நின்றது. போர்வை சரிந்து தரையில் விழுந்தது. பிறகு, ஈரமண்போலக் குளிர்ந்த ஒரு பாரம் அவள் மடியில் ஏறி உட்கார்ந்தது. மெலிந்த கைகள் கழுத்தைச் சுற்றின. தோளில் ஒரு முகம் அழுந்தியது.

"அம்மா."

ரமணி ஒருநாளும் அப்படி முழுதாகக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு எப்போதும் 'மா'தான்.

அப்போது வாசல் கதவு தட்டப்பட்டது. தாழ்ப்பாளுக்குக் கீழே. சிறிய கை எட்டும் உயரத்தில்.

"மா."

மழையில் நனைந்து இளைத்த குரல். அவள் பெற்ற குரல்.

"மா, கதவைத் தொற மா. எத்தன நாளாத் தட்டுறேன்."

கங்கா எழப் பார்த்தாள். முடியவில்லை. மடி பாறையாய்க் கனத்தது. கழுத்தில் பிடி இறுகியது. தோளில் ஏதோ ஈரம் வழிந்தது. மையின் வாடை. கத்த வாயைத் திறந்தாள். ஒரு குளிர்ந்த உள்ளங்கை அதை மூடியது.

"உள்ள யாரு மா? யாரோட பேசுற?"

தட்டல் தளர்ந்தது. நின்றது. மறுபடி ஒன்று, மிக மெல்ல.

"ஒனக்குக் கேக்கலையா மா?"

குரல் கதவை விட்டு வேலிக்குப் போனது. வேலியை விட்டு ரோட்டுக்கு. அப்புறம் மழை மட்டும்.

இருட்டில் கங்காவின் கண்ணீர் அந்தச் சின்ன உள்ளங்கையின் மேல் வழிந்தது. அவளுடைய கையோ, அவளைக் கேட்காமலே, மடியில் கிடந்த முதுகை மெல்லத் தட்டித் தூங்கவைக்கத் தொடங்கியது.