துவைத்த சட்டை

எத்தனை முறை அலசியும் தண்ணீர் வெள்ளையாகவே வந்தது. சோப்பு நுரை எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனாலும் வாளியின் அடியில் சுண்ணாம்பு கரைத்ததுபோல் ஏதோ சுழன்றுகொண்டே இருந்தது. கணவரின் ஃபேக்டரி சட்டையை இன்னொரு தடவை முறுக்கிப் பிழிந்து, கொல்லைக் கொடியில் காயப்போட்டுவிட்டு, அவள் இடுப்பைப் பிடித்தபடி உள்ளே வந்தாள்.

கூரைத் தகடு செய்யும் ஆலையில் ஆஸ்பெஸ்டாஸ் மூட்டைகளைப் பிரித்துக் கொட்டுவதுதான் அவர் வேலை. மனுஷன் வீடு திரும்பும்போது புருவம்கூட வெளுத்திருக்கும். வாசலுக்கே ஓடிப்போய்த் தாவும், அப்போது சின்னப் பிள்ளையாயிருந்த மகளை அப்படியே தூக்கி அணைத்துக்கொள்வார். "மாவு மூட்டை வந்தாச்சு" என்று கேலி செய்தபடி இவள் சட்டையைக் கழற்றி வாங்கி, கொல்லையில் பட் பட்டென்று உதறுவாள். பறக்கிற தூசுக்குக் கீழே மகள் இரண்டு கைகளையும் விரித்துச் சுற்றிச் சுற்றி ஆடுவாள். அந்தத் தூசுதான் அவருக்கு உள்ளேயே குடியிருந்து, இத்தனை வருஷம் கழித்து நுரையீரலின் உறையில் புற்றுநோயாகக் கிளம்பியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, அவளுக்கு அந்த ஆட்டம் நினைவுக்கு வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டாள்.

அவர் போன பிறகு மகள்தான் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். தூசு படுகிற வேலையே அவருக்குக் கொடுக்கவில்லை என்று ஆலைக்காரர்கள் வாய் கூசாமல் சாதித்தார்கள். இன்று காலை மகள் போன் செய்து, "அப்பாவோட கடைசிச் சட்டைய பெட்டியில வச்சிருக்கியே, எடுத்து வை. வக்கீல் கேட்டாரு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் வாசனை போய்விடுமே என்று இத்தனை நாளும் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த சட்டை. ஆனால் நாலு பேர் பார்க்கிற கோர்ட்டுக்குப் புருஷன் சட்டையை அழுக்காக அனுப்ப எந்தப் பெண்டாட்டிக்கு மனசு வரும்?

சாயங்காலம் மகள் வந்தாள்.

"சட்டை எங்கேம்மா?"

"துவைச்சுப் போட்டிருக்கேன். காஞ்சதும் இஸ்திரி போட்டுத் தர்றேன்."

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏம்மா துவைச்ச? அதுல இருந்த தூசுதாம்மா நம்ம சாட்சி. லேப்ல குடுத்துப் பாக்கணும்னாரு. வேற ஒண்ணுமே இல்லையேம்மா நம்மகிட்ட."

"நீ சொல்லலையேடி."

"நீ துவைப்பேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

இருவரும் அழுதார்கள். அவளுக்குத் தன் கைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இருமி இருமி மூச்சுக்குத் தவித்து, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே மனுஷன் கழித்த ராத்திரிகள் எல்லாம் ஒரு வாளித் தண்ணீரோடு போய்விட்டன. விளக்குப் போடக்கூடத் தோன்றாமல் கிடந்த அந்த அறையில், சோப்பு வாசனைக்கு நடுவே மெல்ல மெல்ல வேறொரு வாசனை ஏறியது. வேலையிலிருந்து வந்ததும் அவர் மேல் அடிக்கும் சாக்கு நெடி.

பட்.

கொல்லையிலிருந்து வந்தது. ஈரத் துணியின் சத்தமில்லை. மொடமொடவென்று காய்ந்த துணியை இரண்டு கையாலும் பிடித்து உதறுகிற சத்தம்.

பட். பட்.

"பக்கத்து வீட்லயா?" என்றாள் மகள். பக்கத்து வீடு பூட்டிக் கிடப்பது இருவருக்கும் தெரியும்.

மகள் எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள். காற்றே இல்லை. கொடியில் மற்ற துணிகள் அசையாமல் தொங்கின. சட்டை மட்டும் எழும்பி விழுந்தது. மறுபடி எழும்பியது. ஒவ்வோர் உதறலுக்கும் வெள்ளையாகக் கொட்டியது.

"அம்மா, தூசும்மா! போகலைம்மா! அப்பா குடுக்குறாரும்மா!"

அழுகையும் சிரிப்புமாக மகள் ஓடினாள். சட்டைக்குக் கீழே நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

அதே இடம். அதே கைகள்.

"மூச்சு விடாதேடி. வாடி இங்க." கதவடியிலிருந்து அவள் கத்தினாள். மகள் திரும்பவில்லை.

மகளின் தலைமுடி வெளுத்தது. புருவம் வெளுத்தது.

உதறல் நின்றது.

சட்டையின் வெறும் கைகள் மெல்லக் கீழே இறங்கின. மகளின் தோள்களைச் சுற்றி வளைத்தன. ஆசையாக, இறுக்கமாக, வேலை முடிந்து வந்த அப்பாவாக அணைத்துக்கொண்டன.

அந்த அணைப்புக்குள்ளிருந்து மகள் இருமினாள்.

அவருடைய இருமல்.