வெயில் காணாத அட்டிகை

"களவு போயிடுச்சு," என்றார் சுப்பராயலு. களவு போன பொருளை மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார்.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சவுரிராயன் மேசையைப் பார்த்தார். மேலே முத்துச்சிப்பி பதித்த சிறிய மரப்பெட்டி. பக்கத்தில் நின்ற அப்பாதுரையும் எட்டிப் பார்த்தார். அப்பாதுரைக்குத் திண்டிவனம் கடைத்தெருவில் சோடாக் கடை. இன்ஸ்பெக்டரைத் தேடி யாராவது முகம் வாடி வந்தால் போதும், கடையைச் சாத்திவிட்டு வந்துவிடுவார்.

"பொட்டி இங்கதான கீது, மொதலாளி?"

"பொட்டி என்னுது. உள்ள இருக்கிறது என்னுது இல்ல."

சுப்பராயலு பெட்டியைத் திறந்தார். வெளிறிய வெல்வெட்டின்மேல் ஒரு முத்து அட்டிகை. தங்கப் பட்டை, அதன்மேல் நெருக்கமாக முத்துகள், நடுவில் சுண்டைக்காய் அளவில் ஒன்று. பட்டை தகதகத்தது. முத்துகள் மட்டும் சுண்ணாம்பு உருண்டைகள்போல ஒளியற்றுக் கிடந்தன.

சுப்பராயலுவுக்கு அதைப் பார்க்கவே வயிறு எரிந்தது. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் கப்பலேறும்போது வீட்டுச் சாமான்களை ராத்திரி விளக்கொளியில் ஏலம் விட்டார். விழுப்புரம் அரிசி மில்காரர் வேங்கடேசன் எதிரே நின்று கேட்கக் கேட்க, அவரை மடக்கி எடுத்த அட்டிகை அது. ஏலம் முடிந்ததும் வேங்கடேசன் முகம் போன போக்கை இன்றுவரை அவர் மறக்கவில்லை. சொல்லப்போனால் அட்டிகையைவிட அந்த முகந்தான் அவருக்கு அதிகம் பிடித்திருந்தது.

"மாத்தினவன் வேங்கடேசன்தான். பொங்கலுக்கு வந்தான். காட்டுன்னான், காட்டினேன். கையில குடுத்தேன். வாசல்ல ஆள் கூப்பிட்டான், ஒரு நிமிஷம் போய்ட்டு வந்தேன். அதுக்குள்ள மாத்திட்டான்."

"அவர் திருப்பித் தந்தபோது நீங்கள் பார்க்கவில்லையா?"

சுப்பராயலு துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அவன் மொகத்தத்தான் பாத்துக்கினு இருந்தேன். எரியுதான்னு."

"பொங்கலுக்குப் பிறகு பெட்டியைத் திறந்தது?"

"நேத்துதான். மெட்ராஸ்லேருந்து ஒருத்தர் வந்தாரு, காட்டலாம்னு திறந்தேன். மானம் போச்சு."

"நடுவில் திறக்கவே இல்லை?"

"யாரும் வரலியே. யாருக்குக் காட்டறது?"

அது முப்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி மாதம். இரண்டு மாதமாக அந்த அட்டிகையைப் பார்த்து வயிறெரிய ஒருவரும் வரவில்லை. ஆகவே அதைத் திறக்கவும் காரணம் இல்லை. சுப்பராயலுவுக்கு இதில் விநோதம் எதுவும் தெரியவில்லை.

சவுரிராயன் அட்டிகையை எடுத்தார். ஒரு முத்தை முன்பல்லில் மெல்ல உரசினார்.

"கண்ணாடி இல்லை. நறநறக்கிறது."

"அப்ப ஜப்பான் முத்து!" என்றார் அப்பாதுரை. "பேப்பர்ல போட்டிருந்தான். சிப்பிய வளத்து முத்து எடுக்கறானாம். ஆட்டுக்குட்டி வளக்கிற மாதிரி."

"அதையேதான் நானும் சொல்றேன். தங்கத்த பாருங்க, எப்படி மின்னுது! புதுசு. கயித்த பாருங்க, சாயம் போயிருக்குது. மட்டமான புதுக் கயிறு."

அட்டிகையைக் கழுத்தில் கட்டும் சிவப்புப் பட்டுக் கயிறு வெளிறியிருந்தது. அது கிடந்த இடத்தில் வெல்வெட்டு, கயிறு சுருண்ட வடிவத்திலேயே இளஞ்சிவப்பாகக் கறைபட்டிருந்தது.

"கயிறு கோக்கும் வளையம் ஒன்று நெளிந்திருக்கிறது."

"என்னுதும் நெளிஞ்சுதான் இருந்துச்சு. அப்படியே செஞ்சிருக்கான் பாவி."

"நடு முத்து இடப்பக்கம் கொஞ்சம் சப்பை."

"என்னுதும் சப்பைதான். அதையும் வுடல."

சவுரிராயன் அட்டிகையைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"நாளைக்கி ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன்," என்றார் சுப்பராயலு. "அவன் கையில வெலங்கு மாட்டி விழுப்புரம் கடைத்தெருவுல இட்டுக்கினு போவணும். அத நான் பாக்கணும்."

"நாளை சாயங்காலம்வரை பொறுங்கள். முதலில் உங்கள் வீட்டைப் பார்க்கிறேன்."

*

அட்டிகை இருந்த அறைக்கு ஒரே கதவு, ஒரே சாவி. சாவி சுப்பராயலுவின் அரைஞாணில் தொங்கியது.

"கழற்றவே மாட்டீர்களா?"

"சனிக்கிழம எண்ணெய் தேய்க்கிறப்ப மட்டும். மாடத்துல வெப்பேன்."

அறை பகலிலும் இருட்டாக இருந்தது. சன்னல்களை உட்புறம் தாழிட்டிருந்தார்கள். வெளிச்சம் பட்டால் அவர் சேர்த்துவைத்த சாமான்களில் சிப்பியின் நிறம் போய்விடும் என்று யாரோ சொன்னதிலிருந்து அப்படித்தான். அப்பாதுரை விளக்கைத் தூக்கிப் பிடித்தார். சிப்பி இழைத்த நாற்காலிகள், எழுதுமேசை, மயில் பதித்த கட்டில் தலைமாடு, தடுப்புத் திரை எல்லாம் விளக்கொளியில் மீன் செதிலாக மினுங்கின.

"அம்மாடி! ஒக்காந்தா வழுக்கி வுட்ரும்போல கீதே."

"ஒக்காரக் கூடாது," என்றார் சுப்பராயலு.

வாசற்படியில் அவர் மனைவி பாஞ்சாலி மோர் கொண்டுவந்து நின்றாள். உள்ளே வரவில்லை. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் தாலிச்சரடு மட்டும்.

"அட்டிகையைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டார் சவுரிராயன்.

"நான் இன்னா நெனைக்கிறது? பொட்டியில கெடந்துச்சு, இப்பவும் பொட்டியிலதான் கெடக்குது. அத எவ போடுவா? தண்ணி குடிச்சாக்கூட அந்த நடு முத்து தொண்டையில வந்து இடிக்கும்."

"பாத்தீங்களா பேச்ச!" என்றார் சுப்பராயலு. "ராஜா வூட்டுல இருக்கவேண்டிய பொருள். இவளுக்கு அருமை தெரியாது. வாங்கினதுலேருந்து ஒருத்தர் கழுத்துலயும் ஏறினதில்ல. அப்படிக் காப்பாத்தி வெச்சிருந்தேன்."

பாஞ்சாலி டம்ளர்களை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போனாள். சவுரிராயன் அவள் போன திசையைப் பார்த்தபடியே மோரைக் குடித்து முடித்தார்.

*

மறுநாள் காலை மூவரும் ரயிலேறினார்கள். விக்கிரவாண்டி தாண்டும்வரை அப்பாதுரை தம் கட்சியை விரித்தார். வேங்கடேசன் வீட்டுக் கிணற்றில் அசல் அட்டிகை கிடக்கும், தாமே இறங்கி எடுக்கத் தயார் என்றார். சுப்பராயலுவுக்கு அந்தக் கிணறு கண்ணுக்குத் தெரிந்தது.

வேங்கடேசன் கூடத்திலிருந்தே குரல் கொடுத்தார். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"வாய்யா சுப்பு! தைரியமா ஒக்காரு. எங்க வூட்டு நாற்காலி ஒக்காரத்தான் செஞ்சது."

சுப்பராயலு நின்றுகொண்டே இருந்தார். கூடத்து மூலையில் சிப்பி பதித்த வெற்றிலைப் பெட்டி திறந்து கிடந்தது. அதன்மேல் சுண்ணாம்புக் கறை. அதில் தினமும் கை வைக்கிறார்கள். இப்படிப்பட்டவனிடம் இப்படி ஒரு பெட்டி இருக்கிறதே என்று அவர் மனம் குமுறியது.

சவுரிராயன் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். வேங்கடேசன் முகத்தில் சிரிப்பு மறைந்தது.

"முத்து செத்துப்போச்சா?" என்றார். "அடடா! அந்த நடு முத்தா? வெயில் பட்டதும் ரோஜா நெறம் ஒண்ணு ஓடுமே, அந்த முத்தா?"

ரோஜா நிறமா? சுப்பராயலு அதைக் கண்டதில்லை. சொந்தக்காரன் காணாத நிறத்தை இவன் கண்டிருக்கிறான். களவு போனதைவிட அது அதிகமாகச் சுட்டது.

"நீங்கள் அதைக் கடைசியாக எங்கே பார்த்தீர்கள்?" என்றார் சவுரிராயன்.

வேங்கடேசன் சுப்பராயலுவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"திண்டிவனத்துலதான். பொங்கலுக்கு."

உள்ளேயிருந்து அவர் மனைவி செண்பகம் காப்பியோடு வந்தாள். காதிலும் கழுத்திலும் நகை குறையாமல் இருந்தது.

"வாங்கண்ணா! போன மாசம் பையன் காதுகுத்துக்கு நீங்க வராம அண்ணிய மட்டும் அனுப்பிட்டீங்களே, நல்லாவா இருக்குது? அண்ணி அன்னிக்கு அச்சு மகாலட்சுமிதான். நானே அசந்து…"

"காப்பி ஆறுது பாரு," என்றார் வேங்கடேசன் சட்டென்று. "நீ உள்ள போ."

செண்பகம் புரியாமல் உள்ளே போனாள். சவுரிராயன் காப்பியை ருசித்துக் குடித்தார்.

"சாயங்காலம் திண்டிவனம் வர முடியுமா?"

"திருடன்னு சொன்னப்புறம் வராம இருந்தா, சுப்பு அதையும் ஒரு சாட்சியா எழுதிக் குடுப்பான். வர்றேன்."

*

சாயங்காலம் எல்லாரும் அந்த அறையில் கூடினார்கள். பாஞ்சாலி வழக்கம்போல வாசற்படியில் நின்றாள். சவுரிராயன் முதலில் சன்னல்களைத் திறந்தார். சுப்பராயலு பதறினார்.

"கொஞ்ச நேரம்தான்," என்றார் சவுரிராயன். மேற்கு வெயில் நாற்காலிகள்மேல் விழுந்தது. அட்டிகையை எடுத்து வெயிலில் வைத்தார்.

"ஐயா, இது உங்கள் அட்டிகைதான்."

"இன்னாது?"

"ஜப்பான் முத்து ஒன்றுபோல உருண்டையாக இருக்கும். இதில் ஒவ்வொன்றும் ஒரு கோணல். உங்கள் சப்பை முத்து, உங்கள் நெளிந்த வளையம். இத்தனை கோணலுக்கும் ஜோடி தேடி ஒருவன் கள்ளநகை செய்தான் என்றால், நிறத்தில் மட்டும் ஏன் கோட்டைவிட்டான்? யாரும் மாற்றவில்லை. இதே முத்துகள்தான் கெட்டுப்போயின."

"முத்து செத்தா தங்கம் எப்படி மின்னும்?" என்றார் அப்பாதுரை. "ரெண்டும் ஒரே பொட்டியிலதான கெடந்துச்சு?"

"நல்ல கேள்வி. தங்கத்தை மின்ன வைத்த அதே கை முத்தைக் கெடுத்தது. நம் வீடுகளில் அழுக்கான நகையை என்ன செய்வோம்?"

"புளித்தண்ணியில ஊறப்போட்டு, பூந்திக்கொட்டை போட்டுத் தேய்ப்போம்."

"தங்கம் பளிச்சென்று ஆகிவிடும். முத்து புளிப்பைத் தாங்காது. மேல்தோல் அரித்துவிடும். ஊறிய கயிறு ஈரம் காயாமல் பெட்டிக்குள் போயிருக்கிறது. சாயம் வெல்வெட்டில் இறங்கியிருக்கிறது."

சுப்பராயலு வேங்கடேசன் பக்கம் திரும்பினார்.

"அப்ப இவன் அன்னிக்குப் புளியத் தடவிட்டான். எனக்கு இல்லாதது உனக்கும் இருக்கக் கூடாதுன்னு."

"ஒரு நிமிஷத்திலா? இது ஊறியது, ஐயா. முத்தின் அடிப்பக்கம்கூட அரித்திருக்கிறது. அதோடு, அழிக்க நினைப்பவன் கழுவித் துடைத்து வைக்க மாட்டான். சுத்தம் செய்ய நினைத்தவர் செய்த காரியம் இது. பூட்டி வைத்த நகை எப்படி அழுக்காகும்? கழுத்தில் ஏறினால்தான். வேர்வை, சந்தனம். இன்னொன்று. நடு முத்தில் வெயில் பட்டால் ரோஜா நிறம் ஓடும் என்றார் இவர். இந்த அறையில் வெயில் ஏது? ஏலம் நடந்ததும் ராத்திரி, பொங்கலுக்குக் காட்டியதும் விளக்கில்தானே? அப்படியானால் இந்த அட்டிகை வீட்டைவிட்டு வெளியே போயிருக்கிறது. இவர் அதைப் பகலில் பார்த்திருக்கிறார்."

"எங்க பாத்தே?" என்றார் சுப்பராயலு. குரல் உயர்ந்தது. "சொல்லுடா, எங்க?"

வேங்கடேசன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்ல மாட்ட. அப்பாதுரை, ஜட்கா கூப்பிடு. இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன்."

"எங்கயும் போவாதீங்க," என்றாள் பாஞ்சாலி.

அன்று முதல்முறையாக அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"நான்தான் போட்டுக்கினேன். அவங்க வூட்டுக் காதுகுத்துக்கு. நீங்க எண்ணெய் தேச்சுக்கினு இருந்தப்ப மாடத்துச் சாவிய எடுத்தேன். வெத்தலப் பையில வெச்சு எடுத்துக்கினு போய், அங்க போய்க் கட்டிக்கினேன். வரும்போது கழட்டிட்டேன். கழுத்தெல்லாம் சந்தனம். நகையிலும் ஏறிப்போச்சு. அடுத்த சனிக்கிழம விடியல்ல கழுவி, ஈரம் காயறதுக்குள்ள திரும்ப வெச்சிட்டேன்."

"எதுக்குடி?"

"போன வருஷம் அந்த செண்பகம் நாலு பேருக்கு நடுவுல கேட்டா. 'ஊரெல்லாம் உங்க வூட்டு முத்தப் பத்திப் பேசறாங்க, உங்க கழுத்து இன்னாண்ணி காலியா இருக்குது'ன்னு. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவ எரியட்டும்னு போட்டேன்."

"முத்தப் போய்ப் புளியில யாராவது போடுவாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? தொட வுட்டீங்களா? தொட்டிருந்தா, இத இப்படிக் கழுவக் கூடாதுன்னு நீங்களே சொல்லியிருப்பீங்க."

அப்பாதுரை தலையைச் சொறிந்தார். கிணற்றில் இறங்கும் வேலை இனி இல்லை.

"தண்ணீர் குடித்தால் தொண்டையில் இடிக்கும் என்று அம்மா சொன்னபோதே எனக்குச் சந்தேகம்," என்றார் சவுரிராயன் மெதுவாக. "பெட்டியில் பார்த்தவருக்கு அது தெரியாது. ஆனால் வேங்கடேசன் ஏன் மறைத்தார் என்பது விழுப்புரத்தில் அவர் மனைவி பேச்சை அவர் வெட்டியபோதுதான் புரிந்தது."

சுப்பராயலு பழைய பள்ளித் தோழனைப் பார்த்தார்.

"ஏன் சொல்லல? ஜெயிலுக்குப் போயிருப்பியே."

வேங்கடேசன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீ குடுத்து அனுப்பின நகைன்னுதான் அங்க என்னத் தவிர எல்லாரும் நெனச்சாங்க. உன்கிட்ட சொல்லாம எடுத்துக்கினு வந்திருக்காங்கன்னு அவங்க கண்ணப் பாத்ததுமே புரிஞ்சிடுச்சு. என்னத் திருடன்னு நீ ஊரெல்லாம் சொன்னாலும், பொழுது சாஞ்சா நான் என் வூட்டுக்குப் போயிடுவேன். இவங்க இந்த வூட்லதான இருந்தாவணும்? வர்றேன், சுப்பு."

அவர் போனார். சவுரிராயன் அப்பாதுரையின் முழங்கையைத் தொட்டார். இருவரும் பின்னாலேயே போனார்கள்.

சுப்பராயலு அட்டிகையைக் கையில் எடுத்தார். மனத்துக்குள் தேடிப் பார்த்தார். கோபம் இருக்கவேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது. அதற்குப் பெயர் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அதன் சூடு புதுச்சேரி ஏலத்திலிருந்தே அவருக்குப் பழக்கமானதுதான். அட்டிகையை மனைவி பக்கம் நீட்டினார்.

"ஒரு தடவ கட்டிக் காட்டு."

"செத்த முத்து எனக்கு எதுக்கு?"

அவள் வாசற்படியைக் கடந்தாள். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை.

"பாஞ்சாலி. அவன் பாத்தானே, பாத்துட்டு இன்னா சொன்னான்?"

அவள் திரும்பினாள். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். இருபது வருஷத்தில் அவர் அவளிடம் இப்படி எதையும் கேட்டதில்லை.

"ஒண்ணும் சொல்லல," என்றாள். "பாத்துக்கினே இருந்தாரு."