கதவுக்குள் எரிந்த பல்பு

பேட்டரி மீட்டரில் பச்சை எண் மறுபடியும் ஒரு படி இறங்கியபோதுதான் தினேஷ்குமாருக்கு உறுத்தியது. இறங்கக் கூடாது. கேரவனின் விளக்குகளை எல்லாம் அவனே அணைத்திருந்தான். ஃப்ரிட்ஜ்கூட கேஸ் சிலிண்டரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சானமாவுக் காட்டோரம். யானைக் கூட்டம் சாலையைத் தாண்டப்போகிறது என்று வனக்காவலர் பொழுது சாயும்போதே வண்டிகளை நிறுத்திவிட்டார். "இன்ஜின ஆஃப் பண்ணுப்பா. லைட்டு ஒண்ணும் எரியக் கூடாது." இப்போது நன்றாக இருட்டிவிட்டது. யானை பார்க்க வேண்டுமென்று அடம்பிடித்துக் கூட வந்த மகள் யுவஸ்ரீ, பின்படுக்கையில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஓசூர் பட்டறையில் கட்டி முடித்த வண்டி. விடிந்தால் கிருஷ்ணகிரியில் ஒப்படைக்க வேண்டும். வாங்குகிறவர் திறந்து பார்த்தால் ஃப்ரிட்ஜ் ஜில்லென்று இருக்க வேண்டும். அதன் உள்தட்டுகள் இன்னும் வரவில்லை. புது பேட்டரியும் வரவில்லை. பட்டறையில் கிடந்த பழையதை மாட்டியிருந்தான். அது செத்தால் கேஸ் வால்வு மூடிக்கொள்ளும். சுடர் அணைந்துவிடும்.

ஈர மண்ணும் யானைச் சாணமும் கலந்த வாடை ஜன்னல் வழியே வந்தது. எங்கோ மூங்கில் முறிபடும் ஓசை. ஃப்ரிட்ஜின் முதுகில் கேஸ் சுடரின் மெல்லிய உஸ்ஸென்ற மூச்சு. அப்போதுதான் கவனித்தான். மூடியிருந்த ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் ஓரத்தில், நூலளவு மஞ்சள் வெளிச்சம்.

முதலாளி தங்கதுரைக்கு போன் போட்டுக் கிசுகிசுத்தான். "அண்ணா, பேட்டரி எறங்கிட்டே போவுதுண்ணா."

"ஃப்ரிட்ஜு கேஸ்லதான ஓடுது? எறும்பு குடிக்கிற தண்ணி அளவுகூட அதுக்கு கரண்ட் வேணாமேடா."

"உள்ள பல்பு எரியுதுண்ணா. கதவு சாத்தித்தான் இருக்கு."

"சுவிட்சுல எதாச்சும் மாட்டியிருக்கும், பாரு."

பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. கதவோரத்து சுவிட்சை விரலால் அழுத்தினான், பல்பு அணைந்தது. விட்டான், எரிந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். குண்டும் குழியுமான ரோட்டில் கதவு திறந்துகொள்ளாமலிருக்க வெளிப்பக்கமாக அவன் கையாலேயே அடித்த தாழ்ப்பாள்.

நூல் வெளிச்சம் அணைந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடி எரிந்தது.

"அண்ணா... இந்த ஃப்ரிட்ஜ எங்க வாங்குன?"

தங்கதுரையின் குரலில் இப்போது சிரிப்பில்லை. "பழைய இரும்புக் கடையில. கடைக்கார சாந்தம்மா, 'உள்ள லைட்டு அணையாம பாத்துக்கப்பா'ன்னுச்சு. கெழவிக்குக் கிறுக்குன்னு நெனச்சேன். அதோட பேத்தி, ஒளிஞ்சு வெளையாடுறேன்னு அதுக்குள்ள போயி, கதவு மாட்டிக்கிட்டு... அந்தப் புள்ளைக்கு இருட்டுன்னாலே பயமாம்டா. தாழ்ப்பாள் அடிக்காதன்னும் கெழவி அப்பவே..."

லைன் அறுந்தது.

மீட்டர் பீப் என்றது. மறுபடி. பச்சை எண் மங்கிச் செத்தது. டக். வால்வு மூடிக்கொண்டது. உஸ்ஸென்ற மூச்சு நின்றது.

நூல் வெளிச்சமும் போயிற்று.

கும்மிருட்டு.

டொக்.

டொக். டொக்.

உள்ளேயிருந்து. சின்னக் கை.

"யுவா?" படுக்கையைத் தடவினான். போர்வை. தலையணை. அவ்வளவுதான். குழந்தை இல்லை.

டொக்டொக்டொக்டொக்.

"அப்பா!" கதவுக்கு அந்தப் பக்கம், மூச்சடைத்த குரல். "அப்பா, இருட்டா இருக்குப்பா!"

வியர்த்த விரல் தாழ்ப்பாளில் வழுக்கியது. இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். கதவு திறந்தது. கையை விட்டான். தோள். பின்னல். வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். ஐஸாய்ச் சில்லிட்டிருந்தது பிஞ்சு உடம்பு.

"ஒண்ணுமில்ல கண்ணு. அப்பா இருக்கேன். ஒண்ணுமில்ல."

வெளியே வனக்காவலரின் டார்ச் ஒரு கணம் முன்கண்ணாடியில் அடித்தது. டிரைவர் சீட்டில் முழங்காலிட்டு, கண்ணாடியில் முகம் பதித்து யானைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சின்ன உருவம் திரும்பியது.

"அப்பா," என்றாள் யுவஸ்ரீ, "யாருப்பா அது, உன் கையில?"

அவன் கழுத்தைச் சுற்றியிருந்த குளிர்ந்த கைகள் இன்னும் கொஞ்சம் இறுகின.