பெட்ரோல் டாங்க்கில் மாட்டிய பலூன்

"காத்து எந்த வழியா போகுதுன்னு தெரியல. ஆனா யார் வேலைன்னு தெரியும்," என்று சொல்லிக்கொண்டே பைலட் துப்பறியும் அம்மாளின் வீட்டுக்குள் வந்தார். இன்னும் பறந்ததே இல்லாத மனிதர். வீட்டுக் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்டுவதால் தெரு வைத்த பெயர் அது.

அம்மாள் கண்ணாடியைத் துடைத்தபடி அவர் சொல்வதைக் கேட்டார். அவருக்கு உதவியாளர் அவர் கணவர்தான். ஆளைப் பார்த்ததுமே குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிடும் அவசரக்காரர்.

இறக்கைக்குள் வைக்கும் பெட்ரோல் டாங்க்கின் தகடுகளைப் பொருத்தி, மூட்டுகளில் பிசின் பூசியது பைலட்டின் மச்சினன். கசிவைச் சோதிக்க மற்ற வாய்களை அடைத்து, ஒரு குழாயில் பலூனை மாட்டி, மத்தியானம் காற்றடைப்பார்கள். பலூன் உருண்டு நிற்கும். விடிந்தால் துவண்டு கிடக்கும். பைலட் எரிச்சலோடு அதைப் பிடுங்கிவிட்டு மேலும் பிசின் அப்புவார். சோப்புத் தண்ணீர் தடவினால் ஒரு குமிழிகூட வரவில்லை.

விமானமே வேண்டாம் என்று முதலில் தடுத்தவன் மச்சினன். அவன்தான் திருட்டுத்தனமாகக் காற்றைத் திறந்துவிடுகிறான் என்றார் பைலட். இன்றே டாங்க்கை அறுத்துப் பார்ப்பாராம். அதோடு அவனுக்கும் இந்த வீட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லையாம்.

"சந்தேகமே இல்ல, மச்சினன்தான்," என்றார் கணவர்.

இன்று பலூனைக் கழற்றிவிட்டாரா என்று மட்டும் அம்மாள் விசாரித்தார். இன்னும் இல்லை என்றதும் எழுந்து செருப்பை மாட்டினார்.

கொட்டகைக்குத் தகரக் கூரை. பைலட்டின் மனைவியான தன் அக்காவின் பக்கத்தில் கண் கலங்கி நின்றான் மச்சினன். அம்மாளின் கணவர் அவனுடைய விரல்களையே முறைத்தார். டாங்க்கை அப்படியே முற்றத்து வெயிலில் வைக்கச் சொல்லி, யாரும் தொடக்கூடாது என்றார் அம்மாள். வெயில் ஏற ஏறப் பலூன் அசைந்தது, நிமிர்ந்தது, கடைசியில் விறைப்பாக உருண்டு நின்றது. அம்மாளின் கணவர் மச்சினனின் விரல்களை விட்டுவிட்டுப் பலூனைப் பார்த்தார்.

"காத்து சூட்டுல விரியும், குளிர்ல சுருங்கும். தகரம் கொதிக்கிற நேரத்துல அடைச்சிட்டு, குளிர்ந்த காலையில பாக்கறீங்க. யாராவது திறந்துவிட்டிருந்தா போன காத்து திரும்பி வருமா? வெயில் வர்ற வரைக்கும் நீங்க ஒரு நாளும் பொறுக்கல. டாங்க்ல ஊசிமுனை ஓட்டைகூட இல்ல."

அக்கா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். பைலட் மச்சினனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பு என்னோடது மாப்ள. முதல்ல பறக்கும்போது பக்கத்து சீட்டு உனக்குத்தான்."

"டாங்க்கை நம்பி ஏறுவேன் மாமா," என்றான் மச்சினன். "ஆனா ஓட்டப்போறது பொறுமையே இல்லாத மனுஷனாச்சே."