நேரில் வந்தவர்கள்

ஆறு மணிக்கு அரங்கின் கதவு திறந்ததும் செவியன்கள் வரிசை குலையாமல் உள்ளே வந்து, நானூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகளிலும் ஏறி உட்கார்ந்தன. ஒன்றுகூட இருமவில்லை. ஒன்றுகூடப் பக்கத்து இருக்கையிடம் சௌக்கியம் விசாரிக்கவில்லை. மேடையில் நின்றிருந்த பத்மாசினி ஒலிவாங்கியைச் சரிசெய்துகொண்டு, "அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கினாள். வாரந்தோறும் அப்படித்தான் தொடங்குவாள். எதிரே மூச்சு விடுகிற ஒருவரும் இல்லை என்பது அவளுக்குப் பழகிவிட்டது.

செவ்வாயின் பாறைக்கடியில், எரிமலைக் குழம்பு ஓடி ஓய்ந்த நீண்ட குகையில் இருந்தது அவர்கள் ஊர். பெயர் நெடுங்குகை. பெரிய தென்குகையில் மூவாயிரம் பேர், சின்ன வடகுகையில் இருநூற்று எண்பது பேர். இரண்டுக்கும் நடுவே ஓர் அழுத்தக் கதவு. மக்கள் அறிவோடும் கலையோடும் வாழவேண்டும் என்று முதலில் குடியேறியவர்கள் ஆரம்பித்ததுதான் 'வல்லுநரோடு ஒரு மாலை'. வாரம் ஒரு நிபுணர் வருவார். மேடையில் அவரோடு ஒருவர் உரையாடுவார். ஊர் உட்கார்ந்து கேட்கும். பத்தொன்பது ஆண்டுகளாக அதன் செயலாளர் பத்மாசினிதான்.

ஒரு காலத்தில் கூட்டம் தேய்ந்து ஏழு பேரில் வந்து நின்றது. அந்த ஏழு பேரில் இருவர் வெப்பமூட்டிக்காக வந்தவர்கள். அப்போதுதான் செவியன்கள் வந்தன. தண்ணீர்க் குடம் அளவே உள்ள இயந்திரம். உரிமையாளருக்குப் பதிலாக வந்து உட்கார்ந்து முழுப்பேச்சையும் கேட்கும். வீடு திரும்பியதும் பத்து நொடியில் சாரத்தை உரிமையாளரின் காதுக்குப் பின்னால் பொருத்தியிருக்கும் சில்லுக்குள் இறக்கிவிடும். சாரம் எப்படி இருக்கவேண்டும் என்பதை அவரவர் தேர்ந்துகொள்ளலாம். முக்கால்வாசிப் பேர் தேர்ந்தது 'மனம் நோகாத சுருக்கம்'. அதன் பிறகு ஒரு நாற்காலிகூடக் காலியாக இருந்ததில்லை.

அன்றைய வல்லுநர் தாவூத் நைனார். பாறைப் பொறியாளர். மூன்று மாதமாக வடகுகையின் கூரையை அளந்துகொண்டிருந்தவர். அளந்ததை நிர்வாகத்திடம் கொடுத்தபோது அங்கே இருந்த அதிகாரி அறிக்கையை இரண்டு தடவை புரட்டிவிட்டு, "ரொம்ப முக்கியமான விஷயம் சார். நீங்க ஏன் இதை நம்ம மாலைக் கூட்டத்துல பேசக் கூடாது? ஜனங்களுக்கு ஒரு விழிப்புணர்வு வரும்" என்றாராம்.

"நான் பேச்சாளர் இல்லை மேடம்," என்று நைனார் மேடையில் ஏறுமுன் பத்மாசினியிடம் சொன்னார். "ஒரே ஒரு விஷயம்தான் இருக்கு. அதைச் சொல்லிட்டு இறங்கிடுறேன்."

"ஒண்ணரை மணி நேரம் போட்டிருக்கோமே சார்" என்றாள் அவள், வழக்கம்போல.

ஆனால் அவர் பேசத் தொடங்கியதும் அவளுக்குக் கேள்விகள் மறந்துபோயின. வடகுகையின் கூரையைத் தாங்கும் நான்காம் தூணுக்கு உள்ளே விரிசல் ஓடுகிறது என்றார். அது வாரத்துக்கு ஒரு விரல் வளர்கிறது. முப்பது நாளில் விழலாம். நாற்பதைத் தாண்டாது. ஒட்டுப்போட வழியில்லை. அங்கே இருக்கிறவர்கள் தென்குகைக்கு வந்துவிடவேண்டும், அவ்வளவுதான்.

பத்மாசினியின் மகன் இளவழுதி வடகுகையில் இருந்தான்.

"எல்லாருமா?" என்று கேட்டாள். பத்தொன்பது ஆண்டில் அவள் மேடையில் மெய்யாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருக்கும்.

"எல்லாரும்."

செவியன்கள் ஒரே நேரத்தில் கைதட்டின. கூட்டம் முடிந்து அரை மணி நேரத்தில் கருத்துகள் வந்து குவிந்தன. 'மிகவும் பயனுள்ள மாலை.' 'பாறைகளைப் பற்றி இவ்வளவு சுவையாகப் பேச முடியுமா!' 'பேச்சாளர் உணர்ச்சிகரமானவர். குரல் இன்னும் கொஞ்சம் ஏற்றி இறக்கியிருக்கலாம்.' அந்த ஆண்டில் மிக உயர்ந்த மதிப்பெண் நைனாருக்குத்தான்.

மறுநாள் காலை பத்மாசினி வடகுகைக்குப் போய் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். எல்லோரும் சிரித்த முகத்தோடு வரவேற்றார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் கோதண்டம் அவளை உள்ளே உட்காரவைத்துப் பாசிச் சாறு கொடுத்தார்.

"அருமையான ப்ரோகிராம் மேடம். தூணைப் பத்திச் சொன்னாரே, அந்த இடம் பிரமாதம்."

"அந்தத் தூண் உங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கு சார்."

"ஆமாமா, தெரியும். கேட்டேனே." அவர் தலையை ஆட்டினார். "இந்த மாதிரி இன்னும் நாலு கூட்டம் போடணும். அப்பத்தான் ஜனங்களுக்குப் புரியும்."

யாரும் அவளை மறுக்கவில்லை. அதுதான் அவளை அச்சுறுத்தியது. மறுத்திருந்தால் வாதாடியிருப்பாள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், பாராட்டினார்கள், வேறு யாராவது கிளம்பினால் தாங்களும் கிளம்புவதாகச் சொன்னார்கள்.

இளவழுதி பாசிப் படுகையில் வேலைபார்ப்பவன். முப்பத்துநான்கு வயது. யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. தனியாக இருந்தான்.

"கேட்டேம்மா. நல்லா பேசினாரு."

"நல்லா பேசினாரா? கூரை விழப்போகுதுங்கிறாருடா!"

"அதுக்குத்தானே நீ கூட்டம் போட்டே? நிர்வாகத்துக்கும் தெரிஞ்சிருக்கும். அவங்க பாத்துப்பாங்க."

அந்த வாரமே அவள் நெஞ்சுவலி என்று பொய் சொன்னாள். ஓடிவந்தான். மூன்று நாள் தென்குகையில் அவளோடு தங்கி மருந்தெடுத்துக் கொடுத்தான். நான்காம் நாள் மருத்துவர் உண்மையைச் சொன்னதும் அவன் கோபப்படக்கூட இல்லை. "என்னம்மா நீ" என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

அதன்பின் மாலைகள் வழக்கம்போல நடந்தன. ஒரு வாரம் மிருதங்கம், ஒரு வாரம் உறக்கம், ஒரு வாரம் விண்மீன்களின் முதுமை. நைனார் நாள்தோறும் விரிசலின் அளவை அவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். வேறு யாருக்கு அனுப்பியும் பதில் வரவில்லை.

முப்பத்தாறாம் நாள் கூட்டம் முடிந்தபோது தென்குகைச் செவியன்கள் எழுந்து போயின. வடகுகையின் நூற்று முப்பத்தாறு மட்டும் நாற்காலியைவிட்டு இறங்கவில்லை. பத்மாசினி முன்வரிசையில் இருந்த ஒன்றின் அருகே குனிந்தாள்.

"வீட்டுக்குப் போகலையா?"

"இல்லை," என்றது அது. "சேதம் நேரும் என்று அறிந்த இடத்துக்கு நாங்கள் போகக் கூடாது. அது எங்கள் காப்பு விதி. வடகுகையில் அபாயம் எல்லையைத் தாண்டிவிட்டது."

"உனக்கு யார் சொன்னது?"

"இங்கேதான் கேட்டோம்."

அவள் அந்த நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். ஊரில் அந்தப் பேச்சைக் கேட்டவை இவை மட்டுமே என்று அப்போதுதான் உறைத்தது.

விடிந்ததும் கோதண்டம் தொடர்பில் வந்தார். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"என்ன மேடம், எங்க செவியன் ஒண்ணுகூட வீட்டுக்கு வரலை? நிறுத்திவச்சிருக்கீங்களா? செயலாளர் ஆணை குடுத்தா வந்துடுமாமே. குடுங்க."

அது உண்மைதான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் விதியை மீறி அவை போய்விடும். அந்த நேரம் நைனாரின் செய்தியும் வந்திருந்தது: 'இன்றோ நாளையோ.' பத்மாசினிக்கு என்ன தோன்றியதோ, குரலை விறைப்பாக்கிக்கொண்டாள்.

"குடுக்க முடியாது சார். வேணும்னா உரிமையாளர் நேர்ல வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

"என்னது? நேர்லயா? யாரை மிரட்டுறீங்க? ஊரையே கூட்டிட்டு வரேன் பாருங்க!"

"கூட்டிட்டு வாங்க" என்றாள்.

வழக்கமாக இதற்கும் செவியனைத்தான் அனுப்பியிருப்பார்கள். அனுப்பச் செவியன் இல்லை. எட்டு மணிக்குள் வடகுகை திரண்டு வந்துவிட்டது. கணவன், மனைவி, குழந்தைகள், நோயாளிகள்கூட. வீட்டில் தங்க மனமில்லாமல் வந்தார்கள். ஏழு பேராகத் தேய்ந்திருந்த அரங்கில் இருநூற்று அறுபத்தொரு மனிதர்கள் நின்று கத்தினார்கள். செவியன்கள் எழுந்து அவர்களுக்கு இடம் விட்டன.

பத்மாசினி ஒலிவாங்கியை எடுத்தாள். "உங்க குறை ஒவ்வொண்ணும் பதிவாகணும். பேச விரும்புறவங்க பேர் குடுங்க. ஆளுக்குப் பத்து நிமிஷம்."

அறுபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள்.

கோதண்டம்தான் முதலில் பேசினார். பத்து நிமிடம் என்பது இருபதானது. செவியனில் தொடங்கி, நீர்க்குழாய், பாசிச் சாற்றின் ருசி, தென்குகைக்காரர்களின் திமிர் என்று போனார். அடுத்து வந்தவர் கோதண்டத்தை மறுத்தார். அதற்கு அடுத்தவர் இருவரையும். பேசி முடித்தவர்கள் தங்களுக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்திருந்தார்கள். பேசப்போகிறவர்கள் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறை வராமல் யாரும் இடத்தைவிட்டு அசையவில்லை. கேட்பதற்கு வராத ஊர், பேசுவதற்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

கூட்டத்தில் இளவழுதி இல்லை. மேடைக்குப் பக்கத்தில் ஒதுங்கி அவனை அழைத்தாள்.

"உன் செவியன் இங்கே இருக்கு. வந்து எடுத்துக்க."

"இருக்கட்டும்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

"கோபம் வரலையாடா உனக்கு? எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டிருக்காங்க. நீயும் வந்து திட்டேன்!"

அவன் சிரித்தான். "உன்னைப் போய்த் திட்டுவாங்களா?"

"எனக்கு நெஞ்சு வலிக்குதுப்பா."

"மறுபடியுமா?" என்றான் அன்போடு. அந்தத் தடவை அவளுக்கு மெய்யாகவே வலித்தது.

தானே ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுத்துவர அவளுக்குக் கால் துடித்தது. இரண்டடி வைத்தாள். உடனே மேடையில் இருந்தவர் பேச்சை நிறுத்தி, "செயலாளரே கிளம்பிட்டாங்க, அப்புறம் யாருக்காகப் பேசுறது? வாங்க போகலாம்" என்றார். நாற்காலிகள் உராயும் சத்தம் கேட்டது. பத்மாசினி திரும்பி வந்து தன் இருக்கையில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க. குறிச்சுக்கிறேன்" என்றாள்.

நைனாரைத்தான் அனுப்பினாள். இரண்டு மணி நேரம் கழித்து அவர் தனியாகத் திரும்பி வந்தார். அவள் பக்கத்தில் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"வீட்டுல இருந்தவங்க பத்தொன்பது பேர். எல்லாரையும் பாத்துட்டேன் மேடம். யாருக்கும் புகார் இல்லையாம், அதனால வரலையாம். உங்க பையன் டீ குடுத்தாரு. என் பேச்சு நல்லா இருந்ததுன்னு சொன்னாரு. வேலை முடிஞ்ச களைப்பு, தூங்கிட்டு சாயங்காலம் வரேன்னு அம்மாகிட்ட சொல்லிடுங்கன்னாரு."

"கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கக் கூடாதா?"

"இழுத்தேன். அவர் ரொம்ப மரியாதையா கையை எடுத்துவிட்டாரு."

முப்பத்தெட்டாவது பேச்சாளர் குழாயடித் தகராறு ஒன்றை விவரித்துக்கொண்டிருந்தார். பத்மாசினி எழுதினாள். என்ன எழுதினாள் என்று பின்னர் பார்த்தபோது அந்தத் தாளில் சொற்களே இல்லை, கோடுகள் இருந்தன.

மாலை ஐந்து மணிக்குத் தரை ஒரு தடவை அதிர்ந்தது. அப்புறம் நீண்ட ஓசை, மலை பெருமூச்சு விட்டதைப் போல. அழுத்தக் கதவு தானாக விழுந்து பூட்டிக்கொண்டது. கதவுக்கு மேல் எப்போதும் எரியும் பச்சை விளக்கு சிவப்பானது. அந்தப் பக்கம் காற்று இல்லை என்பதற்கு அது அடையாளம்.

ஒலிவாங்கியின் முன் நின்றிருந்த பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு எங்கோ ஒரு குழந்தை அழ, அரங்கு முழுவதும் அழுகை கிளம்பியது. தங்களுக்குள் எண்ணிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரைக் காணவில்லை, எதிர்வீட்டு அக்காவைக் காணவில்லை. பத்மாசினி எண்ணவில்லை. அவள் மேடையிலிருந்து இறங்கி, கதவுவரை நடந்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். உலோகம் குளிர்ந்துகொண்டே வந்தது. கை மரத்துப்போகும்வரை அங்கேயே நின்றாள். நைனார்தான் வந்து கையை விலக்கினார்.

அப்போது கோதண்டம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. நைனாரின் சட்டையை இரண்டு கையாலும் பற்றினார்.

"இவ்வளவு படிச்சவரு நீங்க. கூரை விழும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே! எங்ககிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

நைனார் அவரைப் பார்த்தார். சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. நிதானமாக, முதலிலிருந்து, தூணைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

முதல் வாக்கியம் முடிவதற்குள் கோதண்டம் கையை எடுத்துவிட்டு, பின்னால் நின்றவரிடம் திரும்பி, "கேட்டீங்களா, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க" என்று முறையிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவரும் அதையே இன்னொருவரிடம் சொன்னார்.

நைனார் நிறுத்தவில்லை. பத்மாசினி மட்டும் அவர் எதிரில் நின்று கடைசிவரை கேட்டாள்.